வேலூர் வெயிலில் வீட்டு ஃபிரிட்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிரிட்ஜ் செய்யும் வேலை ஒன்றுதான்: உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவது. சுற்றிலும் பாறைக் குன்றுகள் சூழ்ந்த வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அடுப்பும் எரியும் சமையலறையில் அதற்கும் மேலே போகும். அந்தச் சூட்டுக்குள்ளேயே இன்னும் சூட்டைத் தள்ள வேண்டிய நிலையில்தான் இங்கே ஒவ்வொரு ஃபிரிட்ஜும் ஓடுகிறது. சத்துவாச்சாரியானாலும் காட்பாடியானாலும் குடியாத்தமானாலும் ரிப்பேருக்கு வரும் ஃபிரிட்ஜுகளில் முதலில் பார்க்க வேண்டியது மூன்று: சூடு வெளியேற வழி இருக்கிறதா, புதுச் சூடு உள்ளே புகுகிறதா, கரண்ட் சரியாக வருகிறதா. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கும்.

வீட்டில் ஃபிரிட்ஜை எங்கே வைப்பது நல்லது?

மேற்குப் பார்த்த சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி வரை அந்தச் சுவர் சுட்டுக்கொண்டே இருக்கும். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். சிமென்ட் ஷீட் போட்ட வீடானால், ஷீட்டுக்கு நேர் கீழே இல்லாமல் உள்ளறையில் வைப்பது நல்லது.

பின்பக்கம் நான்கு அங்குலம், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம், மேலே ஒரு அடி இடைவெளி இருக்க வேண்டும். பழைய மாடல்களில் சூட்டை வெளியேற்றும் கறுப்புக் கம்பிவலை பின்னால் வெளியே தெரியும். புது மாடல்களில் அந்தக் குழாய் பக்கவாட்டுத் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறது. அதனால்தான் "புது ஃபிரிட்ஜ் பக்கவாட்டில் கொதிக்கிறது" என்று பலர் பயந்துபோய் போன் செய்கிறார்கள். கை வைத்தால் சுடும் அளவுக்குச் சூடு இருப்பது இயல்பு. சூடு சரியாக வெளியே வருகிறது என்றே அதற்கு அர்த்தம்.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் ஒரு தப்பு நடக்கிறது. மேலே பூப்போட்ட கவர் போட்டு, அதன் பைகள் இருபக்கமும் தொங்க, பக்கத்தில் அரிசி மூட்டையைச் சாய்த்து வைப்பார்கள். சூடு வெளியேற வேண்டிய தகடு முழுக்க மூடிவிடும். கவர் வேண்டுமானால் மேல்தட்டு அளவுக்கு மட்டும் போடுங்கள். ஸ்டெபிலைசரையும் ஃபிரிட்ஜ் தலையில் வைக்காமல் சுவரில் மாட்டுங்கள்.

முன்கால் திருகுகளை வெளிப்பக்கமாகத் திருப்பி, ஃபிரிட்ஜ் ஒரு துளி பின்னால் சாய்ந்திருக்கும்படி செய்யுங்கள். பாதி திறந்த கதவு தானாக மூடிக்கொண்டால் சாய்வு சரி.

வாங்கும்போது ஸ்டார் தவிர வேறு எதைப் பார்ப்பது?

உள்பக்க லேபிளில் இருக்கும் காலநிலை வகையைப் பாருங்கள். 'என்' என்றால் சுற்றுச்சூடு 32 டிகிரி வரை, 'எஸ்டி' என்றால் 38 வரை, 'டி' என்றால் 43 வரை வேலை செய்யும்படி வடிவமைத்தது. நம் ஊருக்கு 'டி' வேண்டும். கடைக்காரர் நிறத்தையும் ஸ்டாரையும்தான் காட்டுவார். இதை நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாப்பை எந்த எண்ணில் வைப்பது? கோடையில் கூட்ட வேண்டுமா?

எண் கூடக் கூடக் குளிர் கூடும். நாப்பில் 1 முதல் 7 வரை இருந்தால் மார்ச்சிலிருந்து ஜூன் வரை 4 அல்லது 5, மார்கழி, தை மாதங்களில் 2 அல்லது 3 என்று ஆரம்பிக்கலாம். ஆனால் நாப் எண் வெப்பநிலை அல்ல. சரியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, அதற்குள் சமையல் தெர்மாமீட்டரை விட்டு, ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் கதவு திறந்ததும் பாருங்கள். 3 அல்லது 4 டிகிரி காட்டினால் சரி. 5க்கு மேல் போனால் கூட்டுங்கள், 2க்குக் கீழே போனால் குறையுங்கள். ஒருமுறை மாற்றினால் 24 மணி நேரம் பொறுத்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சின்ன ஐஸ் பெட்டி அந்த அளவுக்குப் போகாமல் இருக்கலாம். அதனால் இறைச்சியை அதில் மாதக்கணக்கில் வைக்கக் கூடாது.

வெயில் அதிகம் என்று 7இல் வைத்துவிட்டால், ஃபிரிட்ஜை ஓட்டும் மோட்டாரான கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். ஐஸ் பெட்டியைச் சுற்றி ஐஸ் கனமாகப் படியும். அந்த ஐஸே குளிரைக் கீழே வரவிடாமல் தடுக்கும். நாப் உச்சத்தில் இருந்தும் கீழ்த்தட்டில் பால் திரிந்துபோவது இப்படித்தான்.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் இன்னொரு சிக்கல் உண்டு. பல மாடல்களில் ஃப்ரீசருக்குள் இருக்கும் நாப், கீழே குளிர்காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தடுப்பு மட்டுமே. அதை உச்சத்தில் வைத்தால் காற்றெல்லாம் மேலேயே தங்கி, கீழே குளிர் குறையும். கீழே குளிர் போதவில்லை என்று மேல் நாப்பை ஏற்றுவது நேர் எதிரான வேலை. அதை நடுவில் வைத்துவிட்டுக் கீழ் நாப்பை மாற்றிப் பாருங்கள்.

ஐஸ் பெட்டியில் ஐஸ் மலைபோல் ஏறிவிட்டது. எப்படி எடுப்பது?

கத்தி, ஸ்பூன், ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் கேஸ் (குழாய்க்குள் சுற்றி, உள்ளே இருக்கும் சூட்டை எடுக்கும் வாயு) போவதற்கு வீட்டில் நாமே உண்டாக்கும் காரணங்களில் முதலாவது இதுதான். ஐஸ் பெட்டியின் சுவர் மெல்லிய அலுமினியம். அதற்குள்ளேயே கேஸ் ஓடும் குழாய். ஐஸில் ஒட்டிக்கொண்ட பால் பாக்கெட்டை நெம்பும்போது கத்தி முனை இறங்கினால் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஓட்டையைப் பசை வைத்து அடைத்தாலும் ரொம்ப நாள் நிற்காது, ஐஸ் பெட்டியையே மாற்ற வேண்டி வரும்.

ஐஸ் அரை செ.மீ. கனம் வந்தவுடன் கரைத்துவிடுங்கள். நாப்பின் நடுவில் இருக்கும் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தினால் கம்ப்ரஸர் நிற்கும், ஐஸ் கரைந்ததும் தானாக மறுபடி ஓடும். ராத்திரி படுக்கப் போகும்போது அழுத்தினால் காலையில் வேலை முடிந்திருக்கும். கனம் அதிகமாகி பட்டன் போதவில்லை என்றால் பிளக்கையே கழற்றுங்கள். உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து, ஐஸ் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்துக் கதவைத் திறந்து விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் பாளம் பாளமாகத் தானே விழும். கீழே பழைய துண்டு விரிக்க மறக்காதீர்கள். பிறகு ஈரம் போகத் துடைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஈரம் இருந்தால் அதுவே முதல் ஐஸாக உறையும்.

ஒரே வாரத்தில் திரும்ப ஐஸ் ஏறினால் கதவு ரப்பரில் காற்று புகுகிறது, அல்லது மூடாத பாத்திரத்தில் ரசமும் தண்ணீரும் இருக்கின்றன.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ். மேலே ஐஸ் கட்டி ஆகிறது, கீழே மட்டும் குளிரவில்லை. கேஸ் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. இந்த ஒரு புகாருக்குத் தேவையில்லாமல் கேஸ் அடிக்கப்படுவது போல வேறு எதற்கும் நடப்பதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் குளிரை உண்டாக்கும் காயில், ஃப்ரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும். அதற்கு மேலே ஒரு சின்ன ஃபேன். ஃபேன் தள்ளும் காற்றில் ஒரு பகுதி கீழே இறங்கித்தான் கீழறை குளிர்கிறது. காயிலில் படியும் ஐஸை, பல மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் கரைக்கும். அந்த ஹீட்டரோ, அதை இயக்கும் டைமர் அல்லது போர்டோ, காயிலில் கிளிப் போட்டு மாட்டிய பைமெட்டல் சுவிட்ச் (சூட்டைப் பொறுத்துத் தானே திறந்து மூடுவது) அல்லது சென்சாரோ, சூடு மீறினால் அறுந்துபோகும் ஃப்யூஸோ பழுதானால் ஐஸ் கரையாது. காயில் மொத்தமும் வெள்ளைப் பாளமாகி, காற்று கீழே போகும் வழி அடைபடும். மேலே குளிர் இருக்கும், கீழே மாவு புளித்துப் பொங்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பிளக்கைக் கழற்றி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரண்டு கதவையும் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். பின்பக்கத் தட்டில் தண்ணீர் நிறையும். ஒன்றிரண்டு முறை எடுத்துக் கொட்டுங்கள். பிறகு ஆன் செய்து, கீழறை நன்றாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி அதே தொல்லை வந்தால் டீஃப்ராஸ்ட் பாகங்களில்தான் கோளாறு. மெக்கானிக்கிடம் இதை அப்படியே சொல்லுங்கள். மீட்டர் வைத்து ஹீட்டர், பைமெட்டல், ஃப்யூஸ் மூன்றையும் பார்த்துவிடுவார். கரைத்த பிறகும் கீழே குளிரவில்லை, ஃப்ரீசரில் ஃபேன் சத்தமும் இல்லை என்றால் ஃபேன் மோட்டார். பல மாடல்களில் கதவு திறந்தால் ஃபேன் நின்றுவிடும். கதவுச் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் மேலும் கீழும் இரண்டுமே குளிராது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், பக்கவாட்டுச் சூடு குறைந்திருக்கும். காயிலில் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் பிடித்து, மீதி வெறுமையாக இருக்கும்.

இன்னொன்று: கீழறையின் பின்சுவரில் இருக்கும் காற்றுத் துளைகளைப் பாத்திரத்தால் அடைக்காதீர்கள். தட்டு முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டாலும் காற்று இறங்காது. துளைக்கு எதிரே வைத்த கொத்தமல்லி உறைந்து கறுத்துப்போவதும் இதே இடத்தில்தான்.

ஸ்டெபிலைசர் தேவையா?

சாதாரண கம்ப்ரஸர் என்றால் தேவை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் சாயந்திரம் ஏசி எல்லாம் ஓடும் நேரத்தில் 180க்குக் கீழே இறங்கும் தெருக்கள் இருக்கின்றன. குறைந்த வோல்ட்டேஜில் கம்ப்ரஸர் சுழல முடியாமல் 'உம்ம்' என்று முனகி, சில விநாடியில் 'டிக்' என்று நிற்கும். சில நிமிடம் கழித்து மறுபடி அதே முனகல். இப்படி நாள் கணக்கில் விட்டால் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் சின்னப் பாகமான ரிலேயும் போகும், கடைசியில் கம்ப்ரஸர் காயிலும் எரியும். இந்தச் சத்தம் கேட்டால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் அதே சத்தம் வந்தால் ரிலேயை மாற்றிப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸரை ஒப்பிட்டால் அது மிகச் சின்னச் செலவு. ரிலேயை மாற்றிப் பார்க்காமலே "கம்ப்ரஸர் போச்சு" என்று சொல்பவரை நம்பிவிடாதீர்கள்.

வாங்கும் ஸ்டெபிலைசரில் நேரத் தாமதம் இருக்க வேண்டும். கரண்ட் போய் உடனே வந்தால் குழாய்களுக்குள் அழுத்தம் சமமாகியிருக்காது, அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும். மூன்று நிமிடத் தாமதம் போதும். ஸ்டெபிலைசர் இல்லாத வீட்டில் கரண்ட் விட்டு விட்டு வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் நிலைத்தபின் போடுங்கள்.

இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் (தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்வது) மாடல்கள் தாங்கும் வோல்ட்டேஜ் அளவு லேபிளிலோ கையேட்டிலோ இருக்கும். உங்கள் தெருவின் வோல்ட்டேஜ் அந்த அளவுக்குள் இருந்தால் தனி ஸ்டெபிலைசர் வேண்டாம்.

வீட்டு யூபிஎஸ்ஸில் ஃபிரிட்ஜைப் போடலாமா?

யூபிஎஸ் கொடுக்கும் கரண்டின் வகை அதன் லேபிளில் இருக்கும். ஸ்கொயர் வேவ் என்றால் வேண்டாம், கம்ப்ரஸர் சூடாகும். சைன் வேவ் என்றால் போடலாம். ஆனால் சாதாரண கம்ப்ரஸர் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன யூபிஎஸ் அந்த ஒரு நொடியில் டிரிப் ஆகிவிடும். ஃபேன், லைட்டுக்கென்று வாங்கியதில் ஃபிரிட்ஜையும் சேர்க்காதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் நிறுத்துகிறார்கள். உள்ளே இருப்பது கெடாதா?

கதவைத் திறக்காவிட்டால் கீழறை சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் என்று பொதுக் கணக்கு. அது பெரிய ஃப்ரீசருக்குச் சொன்னது. கத்திரி வெயிலில் ஒற்றைக் கதவு ஐஸ் பெட்டியை அதில் பாதிக்குக்கூட நம்ப வேண்டாம்.

மின்தடை அறிவிப்பு முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். அன்று ராத்திரியே ஒரு லிட்டர் பாட்டில் மூன்றில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். முழுக்க நிரப்பினால் ஐஸ் விரிந்து பாட்டில் வெடிக்கும். காலையில் கரண்ட் நிற்குமுன் அவற்றை மேல்தட்டுக்கு மாற்றுங்கள். குளிர்காற்று கனமானதால் மேலிருந்து கீழே தானே இறங்கும். அன்றைக்கு வேண்டிய பால், மாவை முன்பே வெளியே எடுத்துவிட்டுக் கதவை மூடியே வையுங்கள்.

கரண்ட் வந்தபின் இறைச்சியில் இன்னும் ஐஸ் துணுக்கு இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். முழுக்க இளகி வெதுவெதுப்பாகிவிட்டால் வேண்டாம். மீன், சமைத்த குழம்பு, பால் எல்லாம் 5 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் கொட்டிவிடுங்கள். மூக்கை நம்ப முடியாது; நோய் தரும் கிருமிகள் பல, வாசனையை மாற்றுவதில்லை.

கதவைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது.

உடனே பிளக்கைக் கழற்றுங்கள். வீட்டு எர்த் வேலை செய்யவில்லை என்பதே பெரும்பாலான காரணம். கோடையில் மண் காய்ந்து எர்த் குழி வறண்டுபோனாலும் இப்படி ஆகும். குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். மூன்றாவது பின்னை வெட்டுவதும், இரண்டு பின் அடாப்டரில் சொருகுவதும் உயிருக்கு ஆபத்து. கீழே ரப்பர் விரிப்புப் போட்டுச் சமாளிப்பதும் அப்படியே. வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை என்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள்.

கதவு ரப்பர் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பத்து ரூபாய் நோட்டை ரப்பருக்கு நடுவில் பாதி வெளியே தெரியும்படி வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கிப் பிடித்து வர வேண்டும். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. நான்கு பக்கமும், முக்கியமாகக் கீழ் மூலைகளிலும் பாருங்கள். மாவு சிந்தி, பால் வழிந்து, மடிப்புக்குள் காய்ந்த கறைதான் பல வீடுகளில் காரணம். பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்துத் துடையுங்கள். ரப்பர் நெளிந்திருந்தால் சூடான தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் இரண்டு நிமிடம் வைத்து, கையால் நீவி, கதவை மூடி வையுங்கள். பல சமயம் உருவத்துக்குத் திரும்பும். கிழிந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். 'எல்லாத்துக்கும் சேரும்' ரப்பர் மூலையில் இடைவெளி விடும்.

பின்னால் இருக்கும் தட்டில் தண்ணீர் தேங்குகிறது. அது பிரச்சினையா?

தண்ணீர் வருவது இயல்பு. ஐஸ் கரைந்த தண்ணீர் கம்ப்ரஸர் மேலே இருக்கும் தட்டில் சேர்ந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாக வேண்டும். மழைக்காலத்தில் சீக்கிரம் ஆவியாகாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்த அளவு நல்ல தண்ணீர் தாராளமாகப் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். வீட்டுக்கு வரும் டெங்கு தடுப்புப் பணியாளர்கள் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைப் பார்ப்பது இதற்காகத்தான். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை வாரம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றிவிட்டு, தட்டை உருவிக் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது. கழற்ற முடியாத தட்டாக இருந்தால் பழைய துணியால் ஒற்றி எடுத்து ஓரத்தைத் துடையுங்கள்.

காய்கறிப் பெட்டிக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது.

பின்சுவரின் அடியில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும். கொத்தமல்லித் தழையோ கறிவேப்பிலையோ அடைத்திருக்கும். இயர்பட் அல்லது மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் மெதுவாக எடுத்துவிட்டு, ஊசி போடாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் ஏற்றிப் பீய்ச்சுங்கள். பின்தட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது. கம்பி விட்டுக் குத்த வேண்டாம்.

சூடான சாப்பாட்டை உள்ளே வைக்கலாமா?

கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பதையும் சூடாக்கும். அதற்காக ராத்திரி முழுக்க வெளியே விடுவது அதைவிட மோசம். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும், நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள். பெரிய குண்டானில் இருக்கும் பிரியாணியையோ சாம்பாரையோ அகலமான இரண்டு மூன்று பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பிரித்து வைத்தால் சீக்கிரம் ஆறும். சோற்றில் இது இன்னும் முக்கியம். சில கிருமிகளின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் சாகாது. வெளியே கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கிவிட்டால், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது.

இட்லி மாவு எத்தனை நாள் வைக்கலாம்?

நான்கைந்து நாள். கோடையில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். முழுக்கப் பொங்குவதற்குக் கொஞ்சம் முன்பே உள்ளே வையுங்கள், குளிர்வதற்குள் மிச்சமும் பொங்கிக்கொள்ளும். பாத்திரத்தில் பாதிதான் இருக்க வேண்டும். வேண்டிய அளவை மட்டும் வேறு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மீதியை உடனே உள்ளே வைத்துவிடுங்கள். எடுத்ததில் மிஞ்சியதைத் திரும்பக் கலக்காதீர்கள், மொத்தமும் புளித்துவிடும்.

எந்தக் காய்கறியை உள்ளே வைக்கக் கூடாது?

வெங்காயம், உருளை, வாழைப்பழம், சேனை, பழுக்காத மாங்காய் வெளியிலேயே இருக்கட்டும். கத்தரிக்காய் குளிர் தாங்காது. 10 டிகிரிக்குக் கீழே நாலைந்து நாள் இருந்தால் தோலில் குழிவிழும், வெட்டினால் விதை கறுத்திருக்கும். புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை இப்படிப் பாழாக்குவது பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. அன்றன்றைக்கு வாங்குங்கள். முடியாவிட்டால் தாள் பையில் சுற்றிக் காய்கறிப் பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

கீரையைக் கழுவாமல், வேரை நறுக்கி, மண்ணை உதறிவிட்டு உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். முருங்கைக்காயை இரண்டு துண்டாக்கித் துணியில் சுற்றலாம். தக்காளி காயாக இருந்தால் வெளியே, நன்றாகப் பழுத்தால் உள்ளே. மல்லிப் பூவை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மூடாவிட்டால் பாலில் பூ வாசனையும் பூவில் குழம்பு வாசனையும் ஏறும்.

பாலைக் கதவில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதலில் சூடாவது கதவுதான். அங்கே ஊறுகாய், சாஸ், தண்ணீர் பாட்டில் போதும்.

பக்ரீத் சமயத்தில் ஒரே நாளில் நிறைய இறைச்சி சேர்கிறது. எப்படி வைப்பது?

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வருடா வருடம் வரும் கேள்வி. வெட்டிய சூடு ஆறாத இறைச்சியைப் பெரிய பையில் அப்படியே ஃப்ரீசரில் திணித்தால் வெளிப்பக்கம் உறைந்து நடுவில் வெதுவெதுப்பாகவே இருந்து கெடும். அரைக் கிலோவுக்கு மிகாமல் பிரித்து, காற்றை வெளியேற்றி, தட்டையாக அமுக்கிப் பொட்டலம் கட்டுங்கள். முதலில் கீழறையில் குளிர வைத்து, பிறகு ஃப்ரீசரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் சுவரை ஒட்டிப் பரப்புங்கள், உறைந்தபின் அடுக்கலாம். முந்தின நாளே ஐஸை நீக்கி ஃப்ரீசரைக் காலி செய்து வையுங்கள். ஒரே தடவையில் திணிப்பதைவிட, பங்கு கொடுக்க வேண்டியதைச் சீக்கிரம் கொடுத்துவிட்டு மிஞ்சியதை வைப்பது ஃபிரிட்ஜுக்கும் நல்லது.

உறைந்ததை இளக்க, முந்தின ராத்திரி கீழறையில் அடித்தட்டில் ஒரு தட்டின் மேல் வையுங்கள். அடித்தட்டு ஏனென்றால், வடியும் நீர் சமைத்த உணவில் விழக் கூடாது.

இன்சுலினை எந்த இடத்தில் வைப்பது?

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், மூடிய டப்பாவில் வையுங்கள். ஃப்ரீசரிலும், அதற்கு நேர் கீழேயும், கதவிலும் வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது, அதைப் போட்டுக்கொள்ளவே கூடாது. பிரித்ததைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம். ஆனால் நம் வீட்டு அறை ஏப்ரலிலேயே 30ஐத் தாண்டிவிடுகிறது. எனவே கோடையில் உள்ளேயே இருக்கட்டும். உங்கள் மருந்துக்கான அளவு அட்டையில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்துபோக லாட்ஜில் தங்குபவர்கள் அறை ஃபிரிட்ஜை நம்புமுன் டம்ளர் தண்ணீர் சோதனையைச் செய்துவிடுங்கள். சின்ன ஃபிரிட்ஜுகள் ஒரு பக்கம் உறையும், மறுபக்கம் குளிராது.

நாற்றம் போக என்ன செய்வது?

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து துடையுங்கள். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். கடைசித் துடைப்புக்குக் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டை வெளியே எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் விரிசல் விடும். பிளீச்சும் ஆசிட்டும் வேண்டாம்.

ஃபிரிட்ஜால் கரண்ட் பில் எவ்வளவு வரும்?

ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். 240 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு நல்ல பங்கை இதுவே எடுத்துக்கொள்ளும். அந்த எண் ஆய்வகக் கணக்கு; சுவரை ஒட்டி வைத்து, ரப்பர் போன ஃபிரிட்ஜ் அதைவிட நிறைய இழுக்கும். ராத்திரி அணைத்துக் காலையில் போட்டு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மிச்சமும் பெரிதாக இருக்காது, சாப்பாடும் கெடும்.

கேஸ் அடிக்கும்போது மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

"லீக் எங்கே?" என்பது முதல் கேள்வி. கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் ஏற்றினால் சில வாரத்தில் பழையபடி ஆகும். அடைத்தபின் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரைப் புதிதாகப் போட்டு, குழாயில் இருக்கும் காற்றை இழுத்தெடுக்கும் வேக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி, எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். வேக்குவம் செய்யாவிட்டால் உள்ளே தங்கும் ஈரம் மெல்லிய கேபிலரி குழாயின் முனையில் உறைந்து அடைக்கும்.

கேஸின் வகை லேபிளில் ஆர்600ஏ என்று இருக்கிறதா, ஆர்134ஏ என்று இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். ஆர்600ஏ தீப்பற்றும் கேஸ். வீட்டு ஃபிரிட்ஜில் சில பத்து கிராம்தான் இருக்கும் என்றாலும், குழாயில் கேஸை வைத்துக்கொண்டு டார்ச்சால் பற்றவைக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஏற்றுவதற்குச் சம்மதிக்காதீர்கள். கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி இருந்தாலும் கேஸும் கூலியும் அதில் பல சமயம் சேராது. அட்டையைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

வீடு மாற்றும்போது படுக்க வைத்து எடுத்துப் போகலாமா?

நிறுத்தியே எடுத்துப் போவது நல்லது. அப்படி வந்தால் இரண்டு மணி நேரம் கழித்து ஆன் செய்யலாம். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் போயிருக்கும். ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்த பிறகே ஆன் செய்யுங்கள்.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். அணைத்துவிடலாமா?

அணைப்பதானால் எல்லாவற்றையும் எடுத்து, ஐஸ் கரைத்து, துடைத்து, பின்தட்டைக் கொட்டி, கதவை ஒரு மடித்த துணி கொடுத்துக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஓடவிட்டுப் போவதானால் ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் ஐஸுக்குள் இறங்கியிருந்தால் இடையில் நெடுநேரம் கரண்ட் இல்லாமல் இருந்திருக்கிறது. ஃப்ரீசரில் உள்ள இறைச்சியைச் சமைக்க வேண்டாம்.

பழைய ஃபிரிட்ஜை என்ன செய்வது?

இரும்புக்கடையில் போட்டால் குழாயை வெட்டிக் கேஸைக் காற்றில் விட்டுவிடுவார்கள். மின்கழிவு விதிகளின்படி பழையவற்றை முறையாக மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. புதிது வாங்கும்போதே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவது எளிது. வண்டி வரும்வரை வாசலிலோ மாடியிலோ கிடந்தால் கதவைக் கழற்றி வையுங்கள், அல்லது கதவு திறக்காதபடி கயிற்றால் இறுகக் கட்டுங்கள். விளையாடும் குழந்தை உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டால் மூச்சு முட்டும். வெளியே சத்தமும் கேட்காது.